சைட்டோகுரோம் சி நிறம் பெறும் வழி: துணைப் புரதங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஈ. கோலை பாக்டீரியாவுக்குள், செல்லின் சுவாசத்தில் எலக்ட்ரான்களைக் கடத்தும் புரதமான சைட்டோகுரோம் சி-யின் மரபணுவைச் செலுத்தி, இரவு முழுவதும் வளர்த்து, காலையில் மையவிலக்குக் குழாயைத் தூக்கிப் பார்க்கும்போது அடியில் படிந்த செல்கள் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். முதல் முறை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் அவை வழக்கமான வெளிர் பழுப்பு நிறத்திலேயே கிடைக்கும். மரபணுவின் வரிசையை எத்தனை முறை சரிபார்த்தாலும் அதில் பிழை இராது. இரும்பைத் தாங்கி நிறம் தரும் ஹீம் மூலக்கூறைப் புரதத்தோடு சேர்த்துத் தைக்கும் துணைப் புரதங்கள் அந்தச் செல்லில் வேலை செய்யாததே குறை. அத்துணைப் புரதங்கள் யாவை, எந்த உயிரியில் எவை உள்ளன, எந்த வரிசையில் அவை இயங்குகின்றன, ஆய்வுக்கூடத்தில் அவற்றை எப்படிப் பயன்படுத்துவது, நிறம் வராதபோது எங்கே தேடுவது என்பவற்றை இந்த வழிகாட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறது.

தொடங்குமுன் இதை வாசிக்கும் முறையைப் பற்றி ஒரு சொல். இந்தத் துறையின் புரதப் பெயர்கள் எல்லாம் ஒன்றைப் போலவே ஒலிப்பவை. அவற்றை மனப்பாடம் செய்ய முயன்றவர்கள் ஒரு வாரத்தில் குழம்பிப்போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதற்குப் பதிலாக இரண்டு இழைகளை மட்டும் பின்தொடருங்கள். ஹீம் வந்து சேரும் வழி ஓர் இழை. புரதத்தில் கந்தகம் தாங்கிய அமினோ அமிலங்களான சிஸ்டீன்கள் ஒடுக்க நிலையில் (ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளாமல்) காக்கப்படும் வழி மற்றோர் இழை. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் சந்தித்தால்தான் பிணைப்பு விழும். எந்தப் புரதத்தைச் சந்தித்தாலும், இது எந்த இழையைச் சேர்ந்தது என்று கேட்டாலே பாதி குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 1: எதைக் கட்டப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்ளுதல்

சார்லஸ் மக்மன் 1880-களில் விலங்குத் திசுக்களின் நிறமாலையில் கண்ட கோடுகளை அவர் காலத்தவர் ஏற்க மறுத்தனர். 1925-இல் டேவிட் கெய்லின் அவற்றை மீண்டும் கண்டறிந்து, சைட்டோகுரோம் என்று பெயரிட்டு, ஒளியை உட்கவரும் இடத்தை வைத்து ஏ, பி, சி என்று பிரித்தார். இன்றைய அறிவின்படி பி வகையில் ஹீம் புரதத்தின் குழிக்குள் சகப்பிணைப்பு இன்றி உட்கார்ந்திருக்கிறது. ஏ வகையில் ஹீமின் பக்கத் தொகுதிகளே மாற்றப்பட்டிருக்கின்றன. சி வகையில்தான் ஹீம் புரதத்தோடு சகப்பிணைப்பால் கட்டப்பட்டிருக்கிறது.

அந்தக் கட்டு விழும் இடம் புரதச் சங்கிலியில் எளிதில் அடையாளம் காணத்தக்க ஒரு குறி: ஒரு சிஸ்டீன், ஏதேனும் இரண்டு அமினோ அமிலங்கள், மீண்டும் ஒரு சிஸ்டீன், உடனே ஒரு ஹிஸ்டிடின். இதை இனி ஐந்தெழுத்துக் குறி என்று அழைப்போம். ஹீமின் இரண்டு வினைல் தொகுதிகளும் இரண்டு சிஸ்டீன்களின் கந்தகத்தோடு தயோஈத்தர் பிணைப்புகளாக மாறுகின்றன. ஹிஸ்டிடின் இரும்பை ஒரு பக்கத்திலிருந்து பற்றிக்கொள்கிறது. குதிரையின் இதயத்திலிருந்து எடுக்கப்படும் சைட்டோகுரோம் சி-யில் 104 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் 14-ஆவதும் 17-ஆவதும் சிஸ்டீன்கள், 18-ஆவது ஹிஸ்டிடின். இரும்பின் மறுபக்கத்தைப் பிடிப்பது 80-ஆவது இடத்தில் உள்ள மெத்தியோனின்.

இது காகிதத்தில் எளிய வேதிவினை. செல்லுக்குள் அதைச் சிக்கலாக்குபவை நான்கு. முதலாவது, இயற்கையில் பிணைப்பு சவ்வின் வெளிப்புறத்தில்தான் நிகழ்கிறது: பாக்டீரியாவில் பெரிபிளாசம் (உள், வெளிச் சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளி) அல்லது செல் சவ்வின் வெளிமுகம், மைட்டோகாண்ட்ரியாவில் இரு சவ்வுகளுக்கு இடைப்பட்ட வெளி, பசுங்கணிகத்தில் தைலகாய்டின் உட்குழி. ஹீம் உருவாவதோ சவ்வின் மறுபுறத்தில். இரண்டாவது, தனித்து அலையும் ஹீம் நச்சு. அதை யாராவது கையோடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்றாவது, ஹீமின் இரும்பு ஃபெரஸ் (ஒடுக்கப்பட்ட) நிலையில் இருந்தால்தான் சரியான பிணைப்பு உண்டாகும். ஃபெரிக் (ஆக்சிஜனேற்றப்பட்ட) நிலையில் வினை நின்றுபோகும் அல்லது தவறான விளைபொருள் வரும். நான்காவது, பெரிபிளாசம் ஆக்சிஜனேற்றத்துக்குச் சாதகமான இடம் என்பதால் அருகருகே உள்ள இரண்டு சிஸ்டீன்களும் தமக்குள்ளேயே டைசல்ஃபைடு (கந்தகத்தோடு கந்தகம்) பிணைப்பைப் போட்டுக்கொள்ளும். அப்படிப் பூட்டிக்கொண்ட சிஸ்டீன்களால் ஹீமைத் தொட முடியாது. இவற்றோடு, ஹீமைத் தலைகீழாக ஒட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உண்டு: முதல் சிஸ்டீன் எப்போதும் ஹீமின் 2-ஆவது இட வினைலோடும், இரண்டாவது சிஸ்டீன் 4-ஆவது இட வினைலோடும் சேர்கின்றன. இயற்கையில் இதுவரை ஆராயப்பட்ட சைட்டோகுரோம் சி-க்களில் இந்தத் திசை மாறுவதில்லை.

படி 2: உங்கள் உயிரியில் எந்த அமைப்பு உள்ளது என்று கண்டறிதல்

மேற்சொன்ன சிக்கல்களுக்கு உயிரினங்கள் முக்கியமாக மூன்று விடைகளைக் கண்டிருக்கின்றன. அவை முதலாம், இரண்டாம், மூன்றாம் அமைப்புகள் எனப்படுகின்றன. மரபணுத் தொகுப்பு கையில் இருந்தால் அடையாளம் காண்பது எளிது. சிசிஎம்-இ என்னும் புரதத்தின் மரபணு இருந்தால் முதலாம் அமைப்பு. சிசிஎம்-இ இல்லாமல் சிசிஎஸ்-ஏ, சிசிஎஸ்-பி என்ற இணை இருந்தால் இரண்டாம் அமைப்பு. பேசில்லஸ் சப்டிலிஸ் போன்றவற்றில் இதே இணை ரெஸ்-சி, ரெஸ்-பி என்ற பெயரில் வரும், எனவே பெயரை நம்பாமல் வரிசை ஒப்புமையைப் பாருங்கள். எச்சிசிஎஸ் என்ற ஒற்றை நொதி இருந்தால் மூன்றாம் அமைப்பு.

பரவல் இப்படி. ஆல்ஃபா, காமா புரோட்டியோபாக்டீரியாக்கள், பல ஆர்க்கியாக்கள், நிலத் தாவரங்களின் மைட்டோகாண்ட்ரியா ஆகியவற்றில் முதலாம் அமைப்பு. கிராம் நேர் பாக்டீரியாக்கள், சயனோபாக்டீரியாக்கள், பசுங்கணிகங்கள், கக்குவான் இருமலை உண்டாக்கும் போர்டெடெல்லா பெர்டுசிஸ், ஹெலிகோபாக்டர், ஜியோபாக்டர் ஆகியவற்றில் இரண்டாம் அமைப்பு. பூஞ்சைகளிலும் விலங்குகளிலும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு மூன்றாம் அமைப்பு. நெல்லின் இலையில் ஒரே செல்லுக்குள் இரண்டு அமைப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இயங்குகின்றன: மைட்டோகாண்ட்ரியாவில் முதலாவது, பசுங்கணிகத்தில் இரண்டாவது. இரண்டு நுண்ணுறுப்புகளும் வெவ்வேறு பாக்டீரியா மூதாதையரிடமிருந்து வந்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் குறைவு. நெல்லின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத் தொகுப்பே இன்றும் சிசிஎம்-பி, சிசிஎம்-சி மரபணுக்களையும் இரண்டு துண்டாகிப்போன சிசிஎம்-எஃப் மரபணுவையும் தாங்கி நிற்கிறது. பசுங்கணிகத்தின் மரபணுத் தொகுப்பு சிசிஎஸ்-ஏ மரபணுவை வைத்திருக்கிறது.

விதிவிலக்குகளையும் குறித்துக்கொள்ளுங்கள். டிரிப்பனோசோம்களின் மைட்டோகாண்ட்ரிய சைட்டோகுரோம் சி-யில் முதல் சிஸ்டீனே இல்லை; ஒரே தயோஈத்தர் பிணைப்போடு அது வேலை செய்கிறது, மேற்சொன்ன மூன்று அமைப்புகளின் மரபணுக்களும் அங்கே காணப்படுவதில்லை. பசுங்கணிகத்தின் சைட்டோகுரோம் பி6-இல் ஒரு கூடுதல் ஹீம் ஒரே சிஸ்டீனோடு கட்டப்பட்டிருக்கிறது; அதற்கென சிசிபி என்ற தனிப் புரதக்குழு இருக்கிறது. இந்த இரண்டும் இவ்வழிகாட்டியின் எல்லைக்கு வெளியே.

படி 3: முதலாம் அமைப்பில் ஹீமின் இழையைப் பின்தொடர்தல்

இதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும், ஏனென்றால் ஆய்வுக்கூடத்தில் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஈ. கோலையின் முதலாம் அமைப்பு. சிசிஎம்-ஏ தொடங்கி சிசிஎம்-எச் வரை எட்டுப் புரதங்கள்; அவற்றின் மரபணுக்கள் எட்டும் நைட்ரேட் ஒடுக்க நொதியின் மரபணுக்களை அடுத்து ஒரே வரிசையாக அமைந்துள்ளன. அந்த இடமே ஒரு செய்தியைச் சொல்கிறது. ஈ. கோலை ஆக்சிஜன் இல்லாதபோது, நைட்ரேட், நைட்ரைட் போன்றவற்றைச் சுவாசிக்கும்போதுதான் சைட்டோகுரோம் சி-க்களை உருவாக்குகிறது. காற்றோட்டமாக வளரும் ஈ. கோலையில் இந்த எட்டு மரபணுக்களும் ஏறத்தாழ உறங்குகின்றன. தொடக்கத்தில் சொன்ன பழுப்பு நிறச் செல்களுக்கு மிகப் பொதுவான காரணம் இதுவே.

இழையின் முதல் முடிச்சு சிசிஎம்-சி. உட்சவ்வில் பதிந்துள்ள இப்புரதத்தின் பெரிபிளாச முகத்தில் டிரிப்டோஃபேன் மிகுந்த ஒரு பகுதி இருக்கிறது. ஹீம் அங்கே வந்து அமர்கிறது. இதே பகுதி சிசிஎம்-எஃப்-இலும், இரண்டாம் அமைப்பின் சிசிஎஸ்-ஏ-யிலும் இருக்கிறது என்பதால், மூன்றும் ஒரே குடும்பத்து ஹீம் கையாளிகள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது முடிச்சு, இந்த அமைப்பின் மிக விந்தையான உறுப்பு, சிசிஎம்-இ. சிசிஎம்-சி தன்னிடம் உள்ள ஹீமைச் சிசிஎம்-இ-யின் 130-ஆவது ஹிஸ்டிடினோடு சகப்பிணைப்பால் கட்டிவிடுகிறது. சிறிய சவ்வுப் புரதமான சிசிஎம்-டி இந்த வினைக்குத் துணை நிற்கிறது. ஒரு துணைப் புரதம் தான் சுமக்கும் பொருளை வெறுமனே பிடித்துக்கொள்ளாமல் உண்மையான வேதிப்பிணைப்பால் கட்டிக்கொண்டு, பிறகு அதை அவிழ்த்துக் கொடுக்கிறது என்பது 1998-இல் சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர்களால் காட்டப்பட்டபோது பலருக்கு வியப்பாக இருந்தது. ஆர்க்கியாக்களிலும் டிசல்ஃபோவிப்ரியோ போன்ற சில பாக்டீரியாக்களிலும் அந்த ஹிஸ்டிடினின் இடத்தில் சிஸ்டீன் இருக்கிறது.

மூன்றாவது முடிச்சு சிசிஎம்-ஏ, சிசிஎம்-பி. இவை ஏடிபி-யைச் செலவழித்துப் பொருள்களைச் சவ்வின் ஊடாகக் கடத்தும் ஏபிசி கடத்தி வகையைச் சேர்ந்தவை என்பதால், ஹீமைச் சவ்வுக்கு வெளியே தள்ளுபவை இவையே என்று நீண்டகாலம் எண்ணப்பட்டது. பழைய பாடநூல் படங்களில் இன்றும் அப்படித்தான் வரைந்திருக்கும். அந்தப் படத்தை நம்ப வேண்டாம். சிசிஎம்-ஏ இல்லாத செல்களிலும் சிசிஎம்-இ ஹீமைப் பெறுகிறது. ஆனால் சிசிஎம்-சி-யிடமிருந்து விடுபட முடியாமல் அங்கேயே சிக்கிக்கொள்கிறது. ஆகவே ஏடிபி-யைச் செலவழிப்பது ஹீமை ஏற்றுவதற்கு அல்ல, ஹீம் ஏறிய சிசிஎம்-இ-யை விடுவிப்பதற்கு. ஏற்றிய பிறகு வண்டியை நகர்த்துவதற்குத்தான் எரிபொருள்.

நான்காவது முடிச்சில் இழை முடிகிறது. விடுபட்ட சிசிஎம்-இ, சிசிஎம்-எஃப்-இடம் வருகிறது. சிசிஎம்-எஃப் தன்னுள்ளேயே பி வகை ஹீம் ஒன்றைத் தாங்கியிருக்கிறது; வந்துசேர்ந்த ஹீமின் இரும்பை ஃபெரஸ் நிலைக்கு ஒடுக்குவதே அதன் பணி என்றும், அதற்கான எலக்ட்ரான்கள் சவ்விலுள்ள, எலக்ட்ரான் சுமக்கும் சிறு மூலக்கூறுகளான குயினால்களிடமிருந்து வருகின்றன என்றும் கருதப்படுகிறது. 2021-இல் தெர்மஸ் தெர்மோஃபிலஸ் என்னும் வெப்பவிரும்பி பாக்டீரியாவின் சிசிஎம்-எஃப் அமைப்பு படிகவியல் மூலம் வெளியானபோது அந்த உள் ஹீமை நேரடியாகப் பார்க்க முடிந்தது. சிசிஎம்-எஃப்-உம் சிசிஎம்-எச்-உம் சேர்ந்த கூட்டே இறுதிப் பிணைப்பைப் போடும் நொதி.

இங்கே ஒரு சிறிய திசைமாற்றம் தேவை. ஈ. கோலையின் நைட்ரைட் ஒடுக்க நொதியான என்ஆர்எஃப்-ஏ-யில் ஐந்து ஹீம்கள் உள்ளன. நான்கு வழக்கமான ஐந்தெழுத்துக் குறிகளில் அமர்கின்றன. மீதமுள்ள ஒரு குறியில் மட்டும் ஹிஸ்டிடினுக்குப் பதில் லைசின். அந்த ஹீம்தான் வினை நிகழும் இடம். சாதாரண சிசிஎம்-எஃப், எச் கூட்டு இந்தக் குறியைத் தொடுவதில்லை. அதற்கென்றே என்ஆர்எஃப்-இ, எஃப், ஜி என்ற தனிப் புரதங்களை ஈ. கோலை வைத்திருக்கிறது; அவற்றுள் என்ஆர்எஃப்-இ சிசிஎம்-எஃப்-இன் உறவினர். உங்கள் இலக்குப் புரதத்தில் இத்தகைய மாறுபட்ட குறி இருந்தால், எட்டுப் புரதங்களும் இருந்தும் ஒரு ஹீம் குறைவாகவே வரும் என்பதை முன்பே தெரிந்து வைத்திருங்கள்.

படி 4: அதே அமைப்பில் சிஸ்டீன்களின் இழையைப் பின்தொடர்தல்

புரதம் ஹீம் இல்லாத நிலையில், முன்முனையில் முகவரிபோல் அமைந்த சிக்னல் பெப்டைடின் துணையோடு, செக் என்னும் சவ்வுக் கடத்தி வழியாகப் பெரிபிளாசத்துக்குள் நீட்டப்படுகிறது. அங்கே டிஎஸ்பி-ஏ என்னும் வலிமையான ஆக்சிஜனேற்றி காத்திருக்கிறது. எதிர்ப்படும் சிஸ்டீன் இணைகளை அது டைசல்ஃபைடாகப் பூட்டிவிடும். அந்தப் பூட்டைத் திறக்கத் தேவையான எலக்ட்ரான்கள் சைட்டோபிளாசத்திலிருந்து கைமாறிக் கைமாறி வருகின்றன. என்ஏடிபிஎச்-இலிருந்து தயோரெடாக்சினுக்கும், அங்கிருந்து உட்சவ்வைக் கடக்கும் டிஎஸ்பி-டி-க்கும், அதிலிருந்து சிசிஎம்-ஜி-க்கும் அவை செல்கின்றன. சிசிஎம்-ஜி தயோரெடாக்சினின் மடிப்பையே கொண்டிருந்தாலும், எல்லாவற்றையும் ஒடுக்காமல் தேர்ந்தெடுத்த சிலவற்றை மட்டும் தொடும்படி அமைந்தது. சிசிஎம்-எச்-உம் தன் சிஸ்டீன் இணையோடு இந்தச் சங்கிலியில் பங்கெடுத்து, கடைசியில் சைட்டோகுரோமின் சிஸ்டீன்கள் திறந்த நிலையில் சிசிஎம்-எஃப்-இன் வாசலுக்கு வருகின்றன. பல பாக்டீரியாக்களில் டிஎஸ்பி-டி-யின் இடத்தில் அதன் சிறிய உறவினரான சிசிடி-ஏ இருக்கிறது.

ஈ. கோலையின் சிசிஎம்-எச், பிற பாக்டீரியாக்களில் சிசிஎம்-எச், சிசிஎம்-ஐ என இரண்டாக இருக்கும் புரதங்கள் ஒன்றாக இணைந்தது. வேறோர் உயிரியின் மரபணு வரிசையோடு ஒப்பிடும்போது ஈ. கோலையில் ஒன்று குறைகிறதே என்று தோன்றினால் காரணம் இதுதான்.

இந்த அமைப்பைப் பற்றிப் பயனுள்ள இன்னொரு செய்தி: அது இலக்கைப் பற்றி அதிகம் கேள்வி கேட்பதில்லை. ஐந்தெழுத்துக் குறி இருந்தால் போதும். குறியைத் தாங்கிய சிறு பெப்டைடுகளுக்கும், குறி புதிதாகச் செருகப்பட்ட பி வகைச் சைட்டோகுரோமுக்கும்கூட அது ஹீமைக் கட்டித் தந்திருக்கிறது.

படி 5: இரண்டாம் அமைப்பைச் சுருக்கமாக அறிதல்

முதலாவதைப் புரிந்துகொண்டவருக்கு இது எளிது. ஹீமின் இழை முழுவதும் சிசிஎஸ்-பி, சிசிஎஸ்-ஏ என்ற இரு சவ்வுப் புரதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. சவ்வின் உட்புறத்திலிருந்து ஹீமை வாங்கி, ஒரு வழியின் ஊடாகக் கடத்தி, வெளிமுகத்தில் டிரிப்டோஃபேன் மிகுந்த பகுதியில் இரண்டு ஹிஸ்டிடின்களுக்கு இடையே நிறுத்தி, அங்கேயே சைட்டோகுரோமோடு கட்டுகின்றன. ஹெலிகோபாக்டர் ஹெபாட்டிகஸில் இரண்டும் ஒரே சங்கிலியாக இணைந்திருக்கின்றன. அந்த ஒற்றைப் புரதத்தைச் சிசிஎம் மரபணுக்கள் நீக்கப்பட்ட ஈ. கோலைக்குள் வைத்தாலே சைட்டோகுரோம் சி உருவாகிறது என்பதுதான் இவ்வமைப்பின் பொறுப்புப் பிரிவினையைத் தெளிவாக்கிய சோதனை. 2022-இல் அதன் அமைப்பு உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் வெளியானது.

சிஸ்டீன்களின் இழையில் சிசிடி-ஏ சவ்வைக் கடந்து எலக்ட்ரான்களைத் தருகிறது. பேசில்லஸில் ரெஸ்-ஏ என்றும் பிறவற்றில் சிசிஎஸ்-எக்ஸ் என்றும் பெயர்பெற்ற தயோரெடாக்சின் வகைப் புரதம் அவற்றைச் சைட்டோகுரோமுக்குக் கொடுக்கிறது. பசுங்கணிகத்தில் இதே வேலையால் நிறைவடைபவை சைட்டோகுரோம் எஃப்-உம், சில பாசிகளில் சைட்டோகுரோம் சி6-உம். கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசியில் இந்த மரபணுக்கள் பழுதானால் ஒளிச்சேர்க்கை நின்றுபோகும். ஆயினும் அசிட்டேட் கொடுத்தால் அது உயிர் வாழும். அந்த வசதியால்தான் பசுங்கணிகத்தின் சிசிஎஸ் மரபணுக்கள் பல அதில் முதலில் பிடிபட்டன.

முதலாவதோடு ஒப்பிட்டால் புரதங்களின் எண்ணிக்கை குறைவு, இந்த வேலைக்கெனத் தனியே ஏடிபி செலவும் இல்லை. அப்படியானால் எட்டுப் புரதங்கள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஈ. கோலையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஹீம் மிகக் குறைவாக உள்ள நிலையிலும் முதலாம் அமைப்பு வேலை செய்தது. இரண்டாவது அந்த அளவில் தடுமாறியது. என் கணிப்பில், சிசிஎம்-இ-யின் அந்த விந்தையான பிணைப்பு ஹீமை ஒரு கிடங்கைப்போலச் சேர்த்து வைப்பதே இதற்கு விளக்கம்.

படி 6: மூன்றாம் அமைப்பையும் அதன் வரம்பையும் அறிதல்

நம் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவில் எச்சிசிஎஸ் என்ற ஒரே நொதி முழு வேலையையும் செய்கிறது. ஈஸ்ட்டில் இதன் மரபணு சிஒய்சி3 என 1987-இல் அடையாளம் காணப்பட்டது; சி வகையின் இன்னொரு புரதமான சைட்டோகுரோம் சி1-க்கு அங்கே சிஒய்டி2 என்ற இரண்டாவது நொதி உண்டு. மனிதரில் ஒரே நொதி இரண்டுக்கும் போதும். வரிசை இதுதான்: நொதி முதலில் ஹீமைப் பற்றுகிறது, மனித நொதியில் 154-ஆவது ஹிஸ்டிடின் இரும்பைப் பிடிக்கிறது; பிறகு வெளிச்சவ்வைத் தாண்டி வந்த ஹீமில்லாச் சைட்டோகுரோமைப் பற்றுகிறது; தயோஈத்தர் பிணைப்புகள் உருவாகின்றன; நிறைவடைந்த புரதம் மடிந்து விலகுகிறது. ஹீம் கட்டப்பட்டு மடிந்த சைட்டோகுரோம் திரும்பி வெளியே போக முடியாது என்பதால், இந்நொதியே புரதத்தை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இழுத்து நிறுத்தும் பொறியாகவும் ஆகிறது.

முதல் இரண்டு அமைப்புகளைப் போல இது ஐந்தெழுத்துக் குறியை மட்டும் பார்ப்பதில்லை. குறிக்கு முன்னுள்ள அமினோ முனைச் சுருளையும் அது அடையாளம் காண வேண்டும். ஆகவே ஒரு பாக்டீரியாவின் சைட்டோகுரோமை எச்சிசிஎஸ்-இடம் கொடுத்துப் பயனில்லை.

மனிதரில் இதன் மரபணு எக்ஸ் குரோமோசோமின் குறுங்கையில் உள்ளது. அது பழுதான பெண் குழந்தைகளுக்குச் சிறுத்த கண்களும், முகத்திலும் கழுத்திலும் கோடுகளாகத் தோல் குறைபாடும் ஏற்படும் ஓர் அரிய நோய் உண்டு. ஆண் கருக்கள் பொதுவாகப் பிழைப்பதில்லை. இந்த மரபணுவின் பிறழ்வுகளே அந்நோய்க்குக் காரணமாகின்றன என்பது 2006-இல் காட்டப்பட்டது.

படி 7: ஆய்வுக்கூடத்தில் உருவாக்குதல்

குதிரை, ஈஸ்ட், மனிதர் போன்ற மைட்டோகாண்ட்ரிய சைட்டோகுரோம் சி வேண்டுமானால், அதன் மரபணுவையும் ஈஸ்ட்டின் சிஒய்சி3 மரபணுவையும் ஒரே பிளாஸ்மிட்டில் (சிறு வளைய டிஎன்ஏ-யில்) வைத்து ஈ. கோலையின் சைட்டோபிளாசத்திலேயே உருவாக்கலாம்; 1998 முதல் இம்முறை புழக்கத்தில் உள்ளது. சிக்னல் பெப்டைடு சேர்க்கக் கூடாது.

பாக்டீரியா சைட்டோகுரோம் எதுவானாலும் முதலாம் அமைப்பே வழி. எட்டு சிசிஎம் மரபணுக்களையும் எப்போதும் இயங்கும் முன்னியக்கியின் (மரபணுவை இயக்கும் டிஎன்ஏ பகுதியின்) கீழ் வைத்த பிஇசி86 என்ற பிளாஸ்மிட் இதற்காகவே 1998-இல் உருவாக்கப்பட்டது. அது இருந்தால் ஆக்சிஜனோடு வளரும் ஈ. கோலையிலும் துணைப் புரதங்கள் விழித்திருக்கும். இங்கே பலர் இடறும் கல் ஒன்று உண்டு. பிஇசி86, பிஏசிஒய்சி184 என்ற பிளாஸ்மிட்டிலிருந்து வந்தது. குளோராம்பெனிக்கால் எதிர்ப்பைத் தாங்கியது. பிலைஸ்-எஸ் பிளாஸ்மிட் கொண்ட ஈ. கோலை வகையும் ரோசெட்டா வகையும் அதே மூலத்து, அதே எதிர்ப்புடைய பிளாஸ்மிட்டை ஏற்கெனவே சுமப்பவை. அவற்றில் பிஇசி86-ஐச் செலுத்தினால் தட்டில் காலனிகள் தாராளமாக வரும். குளோராம்பெனிக்காலைத் தாங்கும், ஆனால் அவற்றில் பலவற்றில் சிசிஎம் மரபணுக்களே இரா. நான் ஒரு மாதத்தை இப்படித் தொலைத்திருக்கிறேன். பிளாஸ்மிட் எதுவும் இல்லாத பிஎல்21 வகையை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கு மரபணுவை ஆம்பிசிலின் அல்லது கனாமைசின் எதிர்ப்புள்ள பிஇடி வகைப் பிளாஸ்மிட்டில் வையுங்கள்.

சிக்னல் பெப்டைடு கட்டாயம். இயல்பானது சரிவராவிட்டால் பெல்-பி சிக்னல் பெப்டைடை முன்னே சேர்க்கலாம். தூண்டலைக் குறைவாக வையுங்கள். மரபணுவைத் தூண்டும் சேர்மமான ஐபிடிஜி-யை வழக்கமான 1 மில்லிமோலார் அளவில் கொட்டினால் புரதம் துணைப் புரதங்களின் வேகத்தை மிஞ்சிக் குவியும்; ஹீம் ஏறாதவற்றைப் பெரிபிளாசத்துப் புரதச்சிதைப்பு நொதிகள் தின்றுவிடும். அதில் நூற்றில் ஒரு பங்கும் சில சமயம் போதும், டி7 முன்னியக்கியின் கசிவே போதுமானதாகவும் இருப்பதுண்டு. ஊட்டமான ஊடகத்தில், 30 டிகிரி செல்சியஸில், ஒரு நாள் வரை வளரவிடுங்கள். குடுவையைப் பாதிக்கு மேல் நிரப்பி மெதுவாகக் குலுக்கினால் ஆக்சிஜன் குறைந்து விளைச்சல் கூடும். ஹீமின் முன்னோடியான டெல்டா அமினோலெவுலினிக் அமிலத்தை ஏறக்குறைய 0.5 மில்லிமோலார் அளவுக்கும், சிறிதளவு இரும்பு உப்பையும் சேர்ப்பது பல ஹீம்கள் கொண்ட புரதங்களுக்கு உதவும். ஷெவனெல்லா பாக்டீரியாவின் எம்டிஆர்-சி போன்ற பத்து ஹீம் புரதங்களுக்கு இத்தகைய கவனம் இன்றியமையாதது.

படி 8: வந்தது சைட்டோகுரோம் சி-தானா என்று சரிபார்த்தல்

சிவப்பு நிறம் மட்டும் சான்றல்ல. சகப்பிணைப்பு இன்றி ஒட்டிய ஹீமும் சிவப்பாகவே தெரியும். முதலில் நிறமாலை. சிறிதளவு சோடியம் டைதயோனைட் இட்டு ஒடுக்கினால் 550 நானோமீட்டர் அருகே கூர்மையான முகடும், 520 அருகே சிறியதும், 415 அருகே மிக உயர்ந்ததும் எழும். அடுத்து பிரிடின் சோதனை: காரத்தில் பிரிடினோடு கலந்து டைதயோனைட்டால் ஒடுக்கும்போது இரண்டு தயோஈத்தர் பிணைப்புகளும் விழுந்த ஹீம் 550-இல் முகட்டைக் காட்டும், கட்டப்படாத பி வகை ஹீம் 556 அருகே காட்டும். ஒரே பிணைப்பு மட்டும் விழுந்திருந்தால் இடையில், 553 அருகே வரும். பிரிடினைப் புகைக்கூண்டுக்கு வெளியே திறக்க வேண்டாம். அந்த நாற்றம் ஆய்வுக்கூடம் முழுவதும் அன்று மாலை வரை நிற்கும்.

மூன்றாவது, ஜெல்லில் ஹீம் சாயம். சோடியம் டோடெசைல் சல்பேட் ஜெல்லில் சகப்பிணைப்பால் கட்டப்பட்ட ஹீம் மட்டுமே பெரும்பாலும் புரதத்தோடு தங்கும். டெட்ராமெத்தில் பென்சிடின் கரைசலில் இருட்டில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றினால், சில நிமிடங்களில் வெளிர் ஜெல்லில் நீலப்பச்சைப் பட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து வருவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். மாதிரிக் கரைசலில் ஒடுக்கும் சேர்மங்களான மெர்காப்டோஎத்தனாலோ டிடிடி-யோ சேர்த்தால் பட்டைகள் மங்கும் அல்லது வராது; நீண்ட நேரம் கொதிக்க வைப்பதையும் தவிருங்கள். இலக்கு மரபணு இல்லாத செல்களைப் பக்கத்து வழியில் ஓட்டுவது அவசியம், ஏனெனில் ஈ. கோலையின் சொந்தச் சைட்டோகுரோம்களும், 18 கிலோடால்டன் அருகே ஹீமேந்திய சிசிஎம்-இ-யும் அதே சாயத்தில் தெரியும்.

படி 9: நிறம் வராதபோது அறுந்த இழையைத் தேடுதல்

மேலே சொன்ன 18 கிலோடால்டன் பட்டையிலிருந்து தொடங்குங்கள். அதுவே இல்லையென்றால் ஹீமின் இழை தொடக்கத்திலேயே அறுந்திருக்கிறது: பிஇசி86 செல்லில் இல்லை, அல்லது ஹீம் உற்பத்தி போதவில்லை. பட்டை வலுவாக இருந்தும் இலக்கு வெறுமையாக இருந்தால் ஹீம் வழியில் வந்துவிட்டது, சந்திப்புதான் நிகழவில்லை. அப்போது சிஸ்டீன்களின் இழையைச் சோதியுங்கள். டிஎஸ்பி-டி போன்ற ஒடுக்கச் சங்கிலியின் உறுப்புகள் பழுதான செல்களுக்கு, ஊடகத்தில் ஒடுக்கும் தன்மையுள்ள தயோல் சேர்மம் ஒன்றைச் சேர்த்தால் சைட்டோகுரோம் சி ஓரளவு திரும்பிவிடுவது ஈ. கோலையிலேயே காட்டப்பட்டுள்ளது, கிளாமிடோமோனாஸிலும் ஒடுக்கச் சங்கிலியின் பழுதுகளுக்கு அதே மருந்து பலித்தது. தயோலால் நிறம் திரும்பினால் பழுது ஒடுக்கச் சங்கிலியில். திரும்பாவிட்டால் சிக்னல் பெப்டைடு வெட்டப்பட்டதா, இலக்கில் ஐந்தெழுத்துக் குறி இயல்பானதா, லைசின் போன்ற மாறுபாடு உள்ளதா என்று பாருங்கள்.

நிறைநிறமாலைமானி கிடைக்குமானால் கேள்வியை நேரடியாகவே கேட்கலாம். தயோஈத்தர் பிணைப்பில் அணு எதுவும் வெளியேறுவதில்லை என்பதால், ஒரு ஹீம் முழுமையாக ஏறிய புரதம் வெறும் புரதத்தைவிட ஏறத்தாழ 616 டால்டன் கூடுதலாக இருக்கும். ஒடுக்கும் சேர்மம் எதுவும் இடாமல் தயாரித்த மாதிரியில் வெறும் புரதத்தின் கணக்கிட்ட நிறை அப்படியே வந்தால் சிஸ்டீன்கள் திறந்தே இருந்திருக்கின்றன, ஹீம்தான் வரவில்லை. அதைவிட 2 டால்டன் குறைவாக வந்தால் அவை டைசல்ஃபைடாகப் பூட்டிக்கொண்டுவிட்டன, தேட வேண்டிய இடம் டிஎஸ்பி-டி முதல் சிசிஎம்-எச் வரையிலான சங்கிலி.